பழைய பியட் பறக்குமா? முதலில் நிற்கட்டும்!

மும்பை தார்தேவ் ஆர்.டி.ஓ. ஆபீசில் கடைசி "பத்மினி" டாக்சி பதிவான நாள், 2003-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி. டாக்சிக்கு 20 ஆண்டுதான் ஆயுள் என்பது அந்த நகரத்துக் கணக்கு. ஆகவே 2023 அக்டோபர் மாதத்தோடு கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்சிகள் மும்பை வீதிகளிலிருந்து விடைபெற்றன.

தாதர் ஸ்டேஷன் வாசலில் டிரங்குப் பெட்டியும் படுக்கை மூட்டையுமாக வந்து இறங்கி, விலாசம் எழுதிய துண்டுக் காகிதத்தைக் கையில் பிடித்தபடி விழித்துக்கொண்டு நின்ற தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! அவர்களை மாதுங்காவுக்கும் சயானுக்கும் செம்பூருக்கும் ஏற்றிச் சென்ற வண்டி அது. கூரையில் பெட்டி, உள்ளே அளவுக்கு மிஞ்சிய ஆட்கள், மடியில் குழந்தைகள். அந்த வண்டி முணுமுணுத்ததே இல்லை.

டாக்சி போய்விட்டது. கார் போய்விடவில்லை. சொந்த உபயோகத்துக்கென்று பதிவான பியட்டுகளும் பத்மினிகளும் மும்பையில் மட்டுமல்ல, பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் இன்னும் ஓடுகின்றன. தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது என்று பேரன் கைக்கு வந்தவை சில. காயலான் கடை வாசலில் இருந்து மீட்டு வந்தவை சில. இவற்றை வைத்திருப்பவர்களில் ஒரு கூட்டத்துக்கு வண்டி ஓடினால் மட்டும் போதாது. வேகமாக ஓட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், பால் வண்டிகளுக்கு முன்னதாக, காலியான சாலையில் அந்தப் பழைய என்ஜின் உறுமுவதைக் கேட்க வேண்டும். அதற்காகச் சம்பளத்தில் பாதியைப் பட்டறையில் கொட்டவும் தயங்காதவர்கள்!

பியட் ஒரு வேகக் காரா என்று சிரிப்பவர்கள் உண்டு. சிரிப்பதற்கு முன் கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும்.

பிறவியிலேயே இருந்த ஆசை

இத்தாலியில் பியட் கம்பெனி 1953-ம் ஆண்டு "1100-103" என்ற மாடலை வெளியிட்டது. நான்கு சிலிண்டர், 1089 சி.சி., 36 குதிரைசக்தி. குடும்பஸ்தன் வாங்கும் சாது வண்டி. ஆனால் அதே ஆண்டிலேயே அந்த வண்டிக்கு ஒரு முரட்டுத் தம்பியையும் பியட் கம்பெனி பெற்றெடுத்தது. அதன் பெயர் "டி.வி.". தொலைக்காட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; "டூரிஸ்மோ வெலோச்சே" என்ற இத்தாலியச் சொற்களின் சுருக்கம். வேகப் பயணம் என்று பொருள் கொள்ளலாம். என்ஜின் அதே 1089 சி.சி.தான். ஆனால் இரட்டை வாய் கொண்ட கார்பரேட்டர், கூடுதல் கம்ப்ரஷன் என்று சில மாற்றங்கள் செய்து சக்தியை ஏறக்குறைய 50 குதிரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இத்தாலியின் புகழ்பெற்ற ஆயிரம் மைல் சாலைப் பந்தயமான "மில்லே மில்யா"வில் அந்த டி.வி. கார்கள் ஓடின.

அதாவது, இன்று ஒரு ரசிகர் பட்டறையில் செய்ய நினைக்கும் வேலையைக் கம்பெனியே அன்று செய்து காட்டிவிட்டது.

நம் நாட்டில் வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி, பம்பாய் குர்லா தொழிற்சாலையில் இந்த 1100-ஐத் தயாரித்தது. 1964-ல் "டிலைட்" வந்தது. 1970-களின் தொடக்கத்தில் பியட் என்ற பெயர் நீங்கி "பிரசிடெண்ட்" ஆனது. 1974-ல் "பத்மினி" ஆனது. பெயர்தான் மாறியதே தவிர, உள்ளே இருந்தது அதே 68 மில்லிமீட்டர் போர், 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் என்ஜின். 2000-ம் ஆண்டையொட்டி உற்பத்தி நிற்கும் வரை ஜனங்கள் அதை "பியட்" என்றே அழைத்தார்கள்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாவது உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்தவர்கள் இந்த ஏட்டின் வாசகர்களிலேயே பலர் இருப்பார்கள். 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்கள் அவை. கொளுத்தும் வெயிலில், வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பார்த்த கூட்டம் அது. வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குக் கதவு சாத்தியிருந்த காலம். இந்தியாவில் கிடைத்தவை அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற மூன்றுதான். அவற்றையே பிரித்து, சீவி, கடைந்து, துளைத்து, பந்தயத்தில் விட்டார்கள். வெளியிலிருந்து சாமான் வராது என்றபோது லேத் பட்டறைக்காரரே சாமான் செய்தார். கோவை எஸ். கரிவரதன் போன்றவர்கள் உள்நாட்டிலேயே பந்தயக் கார் கட்டும் அளவுக்கு உயர்ந்தது இந்தப் பட்டறைப் பழக்கத்தில்தான். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத்தடம் வந்ததும் சோழவரம் ஓய்ந்தது.

ஆகவே பியட்டை வேகமாக்கும் ஆசை புதிதல்ல. ஆனால் சோழவரத்தில் பந்தயம் ஓடிய வண்டிக்கு அப்போது வயது ஐந்தோ பத்தோதான். இன்று பட்டறைக்கு வரும் வண்டிக்கு வயது முப்பது, நாற்பது, ஐம்பது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

மருந்துக்கு முன் நாடி

"அண்ணே, பிக்-அப் போதவில்லை. டபுள் கார்பரேட்டர் போட்டுடலாமா?" என்று வரும் வாலிபரைப் பார்த்துக் கெட்டிக்கார மெக்கானிக் சிரிப்பார். "தம்பி, இருக்கிற பிக்-அப் எங்கே போச்சுன்னு முதல்ல பார்ப்போமே" என்பார்.

உண்மை அதுதான். நாற்பது ஆண்டு உழைத்த என்ஜின், தொழிற்சாலையிலிருந்து வந்த சக்தியில் கால் பங்கையோ மூன்றில் ஒரு பங்கையோ எங்கேயாவது தொலைத்திருக்கும். தொலைந்ததைத் திரும்பப் பிடித்தாலே வண்டி புது வண்டிபோல் துள்ளும். அதற்குச் செலவும் குறைவு. சட்டச் சிக்கலும் இல்லை.

நாடி பார்க்கும் முறை எளிது. நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் மீட்டரை வைத்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றால், அதற்குள் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் அந்த இடைவெளியை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஏறவில்லையென்றால் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. என்ஜினைப் பிரிக்காமலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

கழற்றிய பிளக்கும் சாட்சி சொல்லும். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சுகம். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. அப்படியே வேகமாக ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

பிறகு உடம்பு. இந்த வண்டிக்கு லாரியைப்போல் தனிச் சட்டம் கிடையாது. தகட்டு உடம்பே சட்டம். மும்பை போன்ற கடலோர ஊரில் தரைத்தகடும் கதவுக்குக் கீழேயுள்ள பெட்டித்தகடும்தான் முதலில் துரு ஏறும். மேலே பளபளவென்று பெயிண்ட் இருக்கும். உள்ளே பட்டி பூசி மறைத்திருப்பார்கள். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டிப் பார்த்தால் போதும். தகடு உள்ள இடத்தில் ஒட்டும். பட்டி உள்ள இடத்தில் விழும். துருப்பிடித்த உடம்புக்குச் சக்தி வாய்ந்த என்ஜின், நோஞ்சானுக்குப் பெரிய மூட்டை போலத்தான்.

ஒரு டீஸ்பூன் விஷயம்

சரி, என்ஜின் சுகமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்கிறார் உரிமையாளர். முதலில் கை வைக்கும் இடம் ஹெட். பியட்டுக்கு இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். ஹெட்டின் அடிப்பக்கத்தை மெஷினில் கொடுத்துச் சீவினால் உள்ளே எரியும் அறை சிறுத்து, கம்ப்ரஷன் ஏறும்.

எவ்வளவு சீவுவது? ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 272 சி.சி. கம்ப்ரஷன் விகிதம் 8-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 39 சி.சி. விகிதத்தை 9-க்கு 1 ஆக்க வேண்டுமானால் அது 34 சி.சி. ஆக வேண்டும். வித்தியாசம் 5 சி.சி. அதாவது ஒரு டீஸ்பூன் மருந்து! இந்த ஒரு டீஸ்பூனுக்குள்தான் சாதனையும் சர்வநாசமும் இருக்கின்றன.

ஏனென்றால் அந்த ஹெட் ஏற்கெனவே எத்தனை முறை சீவப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. ரேடியேட்டர் கொதித்து ஹெட் வளையும்போதெல்லாம் ஒரு பட்டறையில் சீவியிருப்பார்கள். அளக்காமல் மறுபடி சீவினால் தகடு மெலிந்து தண்ணீர் வழி தெறிக்கும். அல்லது என்ஜின் "நாக்கிங்" அடித்தே சாகும். ஹெட் தாழ்ந்தால் புஷ் ராடுகள் அந்த அளவுக்கு நீண்டதுபோல் ஆகிவிடும். டேப்பட் இடைவெளியை மறுபடி வைக்க வேண்டும். நல்ல மெக்கானிக் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, மேலே கண்ணாடித் துண்டை மூடி, ஊசி போடும் சிரிஞ்சினால் எண்ணெய் விட்டு அறையின் அளவைப் பார்த்த பிறகே மெஷினுக்கு அனுப்புவார். "ஒரு மில்லிமீட்டர் சீவு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவரிடமிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

கார்பரேட்டர் அடுத்தது. இரண்டு கார்பரேட்டர் போட்டால் இரண்டும் ஒரே மூச்சாக இழுக்க வேண்டும். இதற்கு மீட்டர்கள் உண்டு. ஆனால் பழைய கைகள் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்பரேட்டர் வாயிலும் வைத்து, "உஸ்" என்ற சத்தத்தைக் கேட்டே திருகாணியைத் திருப்புவார்கள். இந்தப் பக்கம் கேட்டு, அந்தப் பக்கம் கேட்டு, அரைத் திருப்பு, கால் திருப்பு. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பதைப்போல. இரண்டு பக்கமும் ஒரே சுதி வந்ததும் என்ஜின் குலுங்குவது நின்று, போனட் மேல் வைத்த டீ கிளாஸ் ஆடாமல் நிற்கும். இந்த வித்தை தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன என்பதுதான் வருத்தம். கம்ப்யூட்டரைச் செருகிக் கோளாறு பார்க்கும் புது வண்டி பழகிய வாலிபர்களுக்குக் கார்பரேட்டரே காட்சிப் பொருளாகிவிட்டது.

பெட்ரோலும் மாறிவிட்டது. 2025-ல் நாடு 20 சதவீத எத்தனால் கலப்பை எட்டியது. கரும்பிலும் தானியத்திலும் இருந்து வரும் எத்தனால் பழைய வண்டிக்கு இரண்டு வேலை செய்கிறது. கலவையை மெலிதாக்குவது ஒன்று. பழைய ரப்பர் குழாய்களையும் கார்க் கேஸ்கட்டுகளையும், பெட்ரோல் பம்பின் டயாபிரத்தையும் தின்பது மற்றொன்று. ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்வதால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டாங்கியில் துரு ஏறும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றுவதும், ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாக்கிப் பிளக் நிறம் பார்ப்பதும் இன்று கட்டாயம் ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், எத்தனால் கலந்த பெட்ரோல் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும். கம்ப்ரஷன் ஏற்றியவருக்கு அது ஒரு வகையில் லாபம். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிறது.

சூடு

சக்தி ஏறினால் சூடும் ஏறும். மும்பை டிராபிக்கில் அரை மணி நேரம் ஊர்ந்தால் தெரியும் சங்கதி. ரேடியேட்டரை உப்பு நீக்கிச் சுத்தம் செய்வது, தண்ணீர் பம்பைப் பார்ப்பது, மின்சார விசிறி பொருத்துவது எல்லாம் நல்ல வேலைகள். ஆனால் பல பட்டறைகளில் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது! வண்டி கொதிக்காது என்பது சமாதானம். ஆனால் காலை வேளையில் என்ஜின் சூடேறவே நெடுநேரம் ஆகும். சூடேறாத என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். போர் தேயும். ஐந்து நிமிட வேலை மிச்சமென்று ஐந்து ஆண்டு ஆயுளை எடுத்துவிடுகிறார்கள்.

பிரேக் பிடிக்குமா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ரயிலில் வண்டி புறப்படும் முன் கடைசிப் பெட்டி வரை பிரேக் வேலை செய்கிறதா என்று சோதிக்காமல் கார்டு பச்சைக் கொடி காட்டமாட்டார். இழுக்கும் என்ஜின் எத்தனை ஆயிரம் குதிரைசக்தியாக இருந்தாலும் சரி. ஆனால் பழைய காரை வேகமாக்குபவர்களில் பெரும்பாலோர் பச்சைக் கொடியை முதலில் காட்டிவிட்டுப் பிரேக்கைக் கடைசியில் பார்க்கிறார்கள்.

கணக்கு இரக்கமற்றது. வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்துவதற்குப் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி 90-ல் போனால், பிரேக்குக்கு வேலை ஒன்றரை மடங்கு அல்ல. இரண்டே கால் மடங்கு. அவ்வளவும் சூடாகத்தான் மாறும்.

பியட்டின் டிரம் பிரேக் சாதாரண ஓட்டத்துக்குக் குறையில்லாதது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில், கண்டாலா கட்டத்து இறக்கம் போன்ற இடத்தில், அடிக்கடி அழுத்திப் பிடித்தால் டிரம் சூட்டில் விரியும். விரியும் டிரம் லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கும். பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும்; வண்டி நிற்காது. பல முறை லேத்தில் கடைந்து மெலிந்த டிரம் என்றால் இன்னும் சீக்கிரம் சூடேறும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. பழைய ஆயில் சூட்டில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சுபோல் ஆகிவிடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை முழுக்க மாற்றுவதும் வீல் சிலிண்டர் ரப்பர்களைப் புதிதாகப் போடுவதும் நூற்றுக்கணக்கில் முடியும் செலவு. ஒரு பளபளப்பான அலாய் வீலின் விலையில் இதைப் பல முறை செய்யலாம்.

"முன்னால் டிஸ்க் பிரேக் போட்டுவிடுகிறேன்" என்பவர்களும் உண்டு. நல்ல மாற்றம்தான், தெரிந்து செய்தால். வேறு காரின் டிஸ்க்கைக் கொண்டுவந்து மாட்டும்போது எல்லோரும் கோட்டைவிடுவது மாஸ்டர் சிலிண்டரில்தான். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில், பெடலை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தம் மிஞ்சியிருக்கும்படி ஒரு வால்வு வைப்பது வழக்கம். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அது எமன். பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். பத்து கிலோமீட்டரில் சக்கரம் தொட முடியாதபடி கொதிக்கும். முன் சக்கரம் மட்டும் அதிகமாகப் பிடித்துப் பின் சக்கரம் பிடிக்காமலும், அல்லது பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றும் போகலாம். மழை நாளில் காலியான மைதானத்தில் மெதுவாக ஓட்டி, எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பார்த்த பிறகே சாலைக்கு எடுக்க வேண்டும்.

கிங் பின்னுக்கு கிரீஸ், ஸ்டீயரிங் பெட்டியில் ஆட்டம், வெடிப்பு விட்ட டயர் இவையெல்லாமும் இந்தப் பட்டியலைச் சேர்ந்தவையே. டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடு தட்டியிருந்தால் அது டயர் அல்ல.

சாமான் வேட்டை

உதிரி சாமானுக்கு எங்கே போவது? மும்பையில் குர்லா சி.எஸ்.டி. ரோடும் சோர் பஜாரும். பெங்களூரில் ஜே.சி. ரோடு. டெல்லியில் காஷ்மீரி கேட், மாயாபுரி. ஊருக்கு லீவில் போகிறவர்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. துணிமணிக்கு நடுவே பழைய துண்டில் சுற்றிய கார்பரேட்டரோடு ரயிலில் திரும்பி வரும் மனிதரைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டாம்!

டாக்சிகள் உடைபட்ட காலத்தில் பியட் சாமான் மலிவாகக் கிடைத்தது. டாக்சியே இல்லாமல் போனபின் அந்த ஊற்று வற்றிக்கொண்டு வருகிறது. நல்ல கிராங்க் ஷாப்ட், வெடிக்காத ஹெட், கதவுக் கைப்பிடி, கண்ணாடி ரப்பர், எதைக் கண்டாலும் தேவையிருக்கிறதோ இல்லையோ வாங்கி வைப்பவர்தான் பிழைக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

பல ரசிகர்கள் திறந்து பார்க்காத பக்கம் இது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, உற்பத்தியாளர் முதலில் கொடுத்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கும் வேறுபாடு வரும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

பத்மினியில் பிரீமியர் 118 என்.இ. காரின் நிசான் என்ஜினைத் தூக்கி வைப்பது ரசிகர்களிடையே பிரபலம். 1171 சி.சி. என்ஜின், கியர் தரையில் இருக்கும், ஓட்டச் சுகம். ஆனால் என்ஜின் நம்பர் மாறிவிடுகிறது. ஆர்.டி.ஓ.வில் முறைப்படி அனுமதி பெறாமல் செய்தால், நாளைக்கு ஒரு விபத்து நேரும்போது இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்த நம்பரைத்தான். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் யார்மேல் மோதினாரோ அந்தக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் இந்தக் கஷ்டம்.

சைலன்சரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காது கிழியும் சைலன்சர்களைப் பறிமுதல் செய்து, வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றிப் போலீசார் நசுக்கிய காட்சி பல நகரங்களில் நடந்திருக்கிறது. சத்தம் வேறு, சக்தி வேறு என்பது புரியாதவர்கள் பாவம், இரண்டையும் இழந்தார்கள்.

பதிவு 15 ஆண்டுக்கு. அதன் பிறகு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கு இந்தக் கட்டணம் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் வந்த உத்தரவுப்படி, டெல்லி வட்டாரம் தவிர்த்து, 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். ஒரு குமாஸ்தாவுக்கு இது சின்னத் தொகை அல்ல.

இன்னொரு கதவும் இருக்கிறது. 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் புராதன வாகனமாகப் பதிவு செய்யும் விதி 2021 ஜூலையில் வந்தது. 1974-ல் பிறந்த முதல் பத்மினிகள் 2024-லேயே அந்த வயதை எட்டிவிட்டன. ஆனால் நிபந்தனை உண்டு. சேசிஸ், உடம்பு, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது; அன்றாட உபயோகத்துக்கும் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்ப்பு, பெட்ரோல் போடுவது என்று சிலவற்றுக்குத்தான் அனுமதி. இன்று ஆசையாக வெட்டி ஒட்டியவருக்கு நாளை அந்தக் கதவு மூடிவிடும்.

இதனால்தான் விவரம் அறிந்தவர்கள், திரும்பப் பழையபடி மாற்றக்கூடிய வேலைகளை மட்டுமே செய்கிறார்கள். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைப்பார்கள், தகட்டை வெட்டமாட்டார்கள். இரட்டைக் கார்பரேட்டர் போடுவார்கள். பழைய சோலெக்சை ஆயில் தடவிப் பாலிதீன் பையில் கட்டி வைப்பார்கள். ஹெட்டைச் சீவ வேண்டுமானால் புதுப்பேட்டையில் வாங்கிய இன்னொரு ஹெட்டைச் சீவுவார்கள். வண்டியோடு வந்த ஹெட் பரண்மேல் இருக்கும். உண்மையாகவே வேகம் பார்க்க வேண்டுமென்ற ஆசை வந்தால், இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிப்பாளையம் போன்ற பந்தயத்தடங்களில், ரசிகர்களுக்கென்று தடம் திறந்துவிடும் நாளில் பணம் கட்டி, ஹெல்மெட் மாட்டி ஓட்டுகிறார்கள். அங்கே எதிரே பள்ளிப் பிள்ளைகள் வருவதில்லை.

ஒற்றை அறைக் குடித்தனத்தில் கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு மூட்டை கிடந்து, "இது எதுக்கு, காயலான் கடைக்காரன் வந்தால் போட்டுடட்டுமா?" என்று வீட்டுக்காரம்மா ஆண்டுதோறும் கேட்பார். அதில்தான் பழைய கார்பரேட்டரும் டைனமோவும் கம்பெனி சைலன்சரும் இருக்கின்றன. ஐந்தாண்டுப் புதுப்பிப்புக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டிய வாரம் வந்ததும் அந்த மூட்டை வெளியே வரும். சனிக்கிழமை இரவு முழுக்க மெக்கானிக்கும் உரிமையாளருமாக உட்கார்ந்து மாட்டுவார்கள்.

இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து, சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் ஓட்டி, பிரேக் பிடித்துக் காட்டுங்கள்" என்பார்.